துளைச்சாமியும் நாற்பத்தேழாம் துளையும்

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டம் என்றால் இன்று எல்லாருக்கும் சாப்ட்வேர்தான் ஞாபகம் வரும். கண்ணாடிக் கட்டடங்கள், கழுத்தில் அடையாள அட்டையோடு பிள்ளைகள், சாலை முழுக்க வண்டிகள். இந்த ஊருக்குச் சாப்ட்வேரை முதலில் கொண்டுவந்தது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். அத்தனையும் தப்பு. கொண்டுபோனவர் எங்கள் துளைச்சாமி. பிஸ்கட் டின்னில் அடைத்து, அங்கவஸ்திரத்தால் சுற்றி, சைக்கிள் கேரியரில் சணல் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுபோனார். பின்னாலேயே இன்னொரு சைக்கிளில் போனவன் நான். இதை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

எண்பதுகளின் ஆரம்பம் அது. திருவனந்தபுரத்தில், பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்று தேடுகிற ஓர் அரசாங்க அலுவலகத்தில் நான் டிராப்ட்ஸ்மேன். நாகர்கோவிலிலிருந்து வந்து சேர்ந்தவன். சாமி அங்கே ஜியாலஜிஸ்ட். நிலத்தில் துளை போடும்போது வெளியே வரும் மண்ணைப் பார்த்து, எத்தனை மீட்டர் வரை செம்மண், எங்கே மணல், பீங்கான் செய்கிற வெள்ளைக் களிமண் எவ்வளவு கனம் என்று எழுதி வைப்பது அவர் வேலை. அப்படி எழுதுவதற்கு 'லாக்' என்று பெயர். மலையாளிகள் அக்ரஹாரத்து மனிதர்களைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். துளை போடுகிற சாமி துளைச்சாமி ஆகிவிட்டார். வீடு ஸ்ரீவராகம் அக்ரஹாரத்தில். அவருடைய நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது, ஆனால் அவர் கையெழுத்து யாருக்கும் புரியாது.

ஆள் நெட்டை, ஒல்லி. மற்றவர்கள் பூணூலில் பீரோ சாவியை முடிந்து வைத்திருப்பார்கள். சாமி ஒரு பூதக்கண்ணாடியை முடிந்து வைத்திருந்தார். எதைப் பார்த்தாலும் சட்டைக்குள் கைவிட்டு அதை வெளியே இழுப்பார். பஸ் கண்டக்டர் கொடுக்கிற டிக்கெட்டைக்கூட ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவார்.

அடுக்கடுக்காக இருக்கும் எதையும் அவரால் சும்மா விட முடியாது. ஸ்ரீவராகத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலை அவருடையது. ரச வாளி வந்தது. பரிமாறுகிறவர் கரண்டியை விடுவதற்குள் சாமி வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இரும் ஓய். மேல பதினஞ்சு சென்டிமீட்டர் தெளிவு. கீழ ரெண்டு சென்டிமீட்டர் தக்காளி. அதுக்கும் அடியில ஒரு சென்டிமீட்டர் பருப்பு. நீர் மேலாகவே மொண்டு விட்டா எப்படி? ரிசர்வ் அடியிலன்னா இருக்கு!"

"மாமா, பின்னால எரநூறு பேர் காத்துண்டிருக்கா."

"அவாளுக்கும் இதே லாக்தான். கிளறி விடும்."

இன்னொரு வியாதியும் அவருக்கு இருந்தது. ஞாபகத்தை நம்ப மாட்டார். "ஞாபகம் மாறும் ஓய், அட்டை மாறாது" என்பார். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்குள் எதையாவது அனுப்புவதென்றால் அட்டையில்தான் அனுப்ப வேண்டும். நீளமான அட்டை. அதில் எண்பது கட்டம். கட்டத்தில் எந்த இடத்தில் பொத்தல் விழுகிறதோ அதற்கேற்ப ஓர் எண். சாமி அலுவலக விஷயத்தோடு நிறுத்தவில்லை. வீட்டுக் கிணற்றின் நீர்மட்டம், மாமனார் வந்த நாள், அவர் கிளம்பிப்போன நாள், எல்லாவற்றையும் அட்டையில் ஏற்றி வைத்திருந்தார். மாமி, "சாப்ட்டேளா?" என்று கேட்டால்கூட, "பார்த்துச் சொல்றேன்" என்றுதான் பதில் வரும். அவர் வீணாக்கிய அட்டைகளை மாமி காபி டம்ளருக்கு மூடியாகப் போட்டுப் பழி தீர்த்துக்கொண்டார். பொத்தல்கள் வழியாக ஆவி வரிசையாகக் கிளம்பும்.

கம்ப்யூட்டர் எங்களிடம் கிடையாது. நகரத்தில் இன்னொரு இடத்தில் இருந்தது. வியாழக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் எங்களுக்கு விட்டார்கள். துளைகளின் விவரங்களை வாங்கிக்கொண்டு அதைப் படமாக அச்சடித்துத் தருகிற புரோகிராமைச் சாமியே எழுதினார். ஆறு மாதம் ஆயிற்று. இன்று இதற்கென்றே சாப்ட்வேர் விற்கிறதாம், மௌசைத் திருப்பினால் மலையே திரும்புகிறதாம், வண்ணமெல்லாம் அதுவே போட்டுக்கொள்கிறதாம். எங்கள் பிரிண்டருக்கு எழுத்தும் எண்ணும் சில குறிகளும் மட்டும்தான் தெரியும். களிமண் இரண்டு மீட்டர் கனமுள்ள இடத்தில் 2, ஐந்து மீட்டர் என்றால் 5 என்று தாள் முழுக்க அடித்துத் தள்ளும். அதன்மேல் கலர் பென்சில் தீட்டுவது என் வேலை. கொஞ்சமாக இருந்தால் மஞ்சள், அதற்குமேல் ஆரஞ்சு, நிறைய இருந்தால் சிவப்பு. ஆக, அந்தச் சாப்ட்வேரில் வண்ணத்துக்குப் பொறுப்பு நான்.

அந்தப் புரோகிராமில் வேறெங்கும் இல்லாத ஒரு விசேஷம் இருந்தது. சாமி எதை எழுதினாலும் பிள்ளையார் சுழி போட்டுத்தான் ஆரம்பிப்பார். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு வரியிலும் முதல் கட்டத்தில் ஒரு சுழி இருக்கும். பொத்தல் போடுகிற மெஷினில் சுழிக்கு ஏது பொத்தான்? அதனால் அட்டையின் முதல் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார். "அது விக்னேஸ்வரனோட இடம். அங்க வேற யாரும் உக்காரப்படாது" என்பார். முதல் கட்டத்தை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து படிக்கும்படி புரோகிராமுக்கும் சொல்லி வைத்திருந்தார். கம்ப்யூட்டர் மையத்தில் வேலை பார்த்த பெண்கள் தாங்களே பொத்தல் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். சாமி விடவில்லை. நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டே விரலால், ஒவ்வோர் அட்டையையும் தாமே போட்டார். இதுவரை ஓர் அட்டைகூடத் தப்பானதில்லை என்று ஊரெல்லாம் பெருமை வேறு. அந்த அட்டைகளைக் கையை விட்டு எங்கும் அனுப்ப மாட்டார். ஆபீஸ் ஜீப்பில் ஏற்றினால் குலுங்கி வரிசை மாறிவிடும் என்றுதான் சைக்கிள்.

"சைக்கிள் மட்டும் குலுங்காதா சாமி?"

"நான் குலுங்க விடமாட்டேன்."

அதோடு விட்டாரா? படத்தைப் பார்த்தால் மட்டும் பூமி புரியாது, உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் எங்கள் ஹாலின் கூரையில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டினார். ஒவ்வொரு துளைக்கும் பிரிண்டரில் ஒரு நீளத் தாள். செம்மண்ணுக்கு நட்சத்திரம், மணலுக்குப் புள்ளி, களிமண்ணுக்கு ஒன்றும் இல்லாத வெள்ளை. வெளியே துளைகள் எப்படி இருக்கின்றனவோ அதே அமைப்பில் தாள்கள் கூரையிலிருந்து தொங்கின. நூற்றுக்குமேல் இருக்கும். அவற்றின் நடுவே நடந்தால் பூமிக்குள் நடப்பதாக அர்த்தம். டீ கொண்டுவருகிற பியூன் குட்டன் நாயர் தட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நீந்துகிற மாதிரி வருவார். ஒருநாள் எங்கள் டைரக்டர் உள்ளே போய்விட்டு வெளியே வர வழி தெரியாமல் குரல் கொடுத்தார்.

"சாமீ! கதகு எவிடே?"

"நேரா வாங்கோ சார். இருபத்தாறாம் துளையில மணல் வரும். அங்கேர்ந்து இடது பக்கம் திரும்புங்கோ."

டைரக்டர் நல்ல மனிதர். மணலைக் கண்டுபிடித்து, இடது பக்கம் திரும்பி, தம் அறைக்குப் போனார்.

லேப் ரிப்போர்ட் வராமல் நின்றிருந்த நாற்பத்தேழாம் துளை அப்போதுதான் வந்தது. கழக்கூட்டத்துக்கு உள்ளே தள்ளிப் போட்ட துளை. வியாழக்கிழமை அச்சாகி வந்த அதன் தாளைச் சாமி கயிற்றில் மாட்டினார். மற்ற தாள்களெல்லாம் இடுப்பளவில் முடிந்துவிடும். இது வெள்ளையாக இறங்கி, தரையைத் தொட்டு, மடங்கி, பைல் அடுக்குவரை போயிற்று. இருபது மீட்டர் களிமண். அக்கம்பக்கத்தில் எங்கேயும் மூன்றைத் தாண்டியதில்லை. வரைபடத்திலும் அந்த இடத்தைச் சுற்றிப் பெரிய எண்களாக வந்து விழுந்திருந்தன. நான் சிவப்புப் பென்சிலை இரண்டு தடவை சீவினேன்.

"கொள்ளாம் சாமி, கொள்ளாம்!" டைரக்டர் அந்தத் தாளைத் தடவித் தடவிப் பார்த்தார். "இது நேரோ?" நிஜந்தானா என்று கேட்டார்.

சாமி அட்டைகள் இருந்த பிஸ்கட் டின்னைத் தட்டிக் காட்டினார். "அட்டை சொல்றது சார்."

அன்றைக்கே இரண்டு விஷயம் முடிவாயிற்று. அந்த இடத்தைச் சுரங்கத்துக்காக எடுத்துக்கொள்ளலாம் என்று செவ்வாய்க்கிழமை செக்ரடேரியட்டுக்கு பைல் போகும். இரண்டாவது, டில்லியில் வண்ணத் திரையோடு ஒரு கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, அதில் நிலத்தடிப் படம் போட மூன்று மாதப் பயிற்சி, அதற்குச் சாமி போகிறார். வண்ணம் என்றால் முத்தையா இல்லாமல் எப்படி என்று சாமி சொன்னதால் நானும் போகிறேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி சாலைக் கடைத்தெருவெல்லாம் அலைந்து கம்பளி நூல் வாங்கி ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்துவிட்டாள். வண்ணத் திரை எப்படி இருக்கும் என்று சாமி என்னிடம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்டார். எனக்கு என்ன தெரியும்? சினிமா மாதிரி இருக்கும் என்று சொல்லி வைத்தேன்.

நான் தீட்டிய சிவப்புக்கு நட்டநடுவில் தங்கம்மையின் வீடு இருந்தது. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். புருஷன் கொத்தனார். ஊரார் வீட்டையெல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டைச் சுவர் சுவராக எழுப்பியவர். வீட்டின் முன்னால் ஓலைச் சாய்ப்பில் அவளுக்கு ஒரு டீக்கடை. துளை போடுகிற எங்கள் ஆட்கள் மாசக்கணக்கில் அவள் கையால்தான் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டார்கள். நாற்பத்தேழாம் துளை போட்டது அவள் வீட்டுக்குப் பின்னால், பலாமரத்தடியில். சுற்றிலும் இன்னும் துளை போட இடம் குறிக்கச் சனிக்கிழமை நாங்கள் போய் இறங்கும்போது, நிலத்தை எடுக்கப்போகிற பேச்சு எங்களுக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது. யாரோ வந்து அளந்து, முற்றத்து மூலையில் கல்லும் நட்டுவிட்டார்கள்.

"சாமி, எனக்க வீட்டுக்கு அடியில என்ன பொதையலா இருக்கு?" தங்கம்மை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"களிமண்ணும்மா. இருபது மீட்டர்."

"இருபது மீட்டருன்னா எத்தன அடி?"

"அறுபத்தஞ்சு."

"எனக்க கெணறு நாப்பது அடி. அவரு தோண்டினாரு, மண்ணு சொமந்தது நானாக்கும். களிமண்ணு ஒரு ஆள் உயரந்தான் வந்து. அதுக்குக் கீழ எல்லாம் மணலு. எனக்கு இப்பவும் இடுப்பு வலிக்கு. நான் என்ன பொய்யா சொல்லுதேன்?"

"கிணறு அட்டையில இல்லையேம்மா."

"அட்டையில இல்லன்னா என்னவாம்? கெணறு அங்க இருக்குல்லா! எறங்கிப் பாரும்!"

சாமி அவளைப் பார்த்தார். பிறகு கிணற்றைப் பார்த்தார். அடுக்கடுக்காக மண் தெரிகிற நாற்பது அடிப் பள்ளம். அதை லாக் எடுக்காமல் வர அவரால் முடியுமா? வேட்டியை மடித்துக் கட்டினார். பலகையில் கயிறு கட்டி, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, டேப்பும் பூதக்கண்ணாடியும் குடையுமாக இறங்கினார்.

"கெணத்துக்குள்ள கொடை எதுக்கு சாமி?" என்று நான் கேட்டேன்.

"நீர் மேலேர்ந்து எட்டிப் பார்ப்பீர். பேனா விழும்."

அவர் சொன்னபடியே என் பேனா விழுந்தது. குடையில் பட்டுத் தண்ணீருக்குள் போயிற்று. தங்கம்மை கடையிலிருந்து ஒரு பென்சில் கொண்டுவந்து கொடுத்தாள். கிணற்றுக்குள்ளிருந்து குரல் வர ஆரம்பித்தது.

"ஜீரோ டு ஆறு மீட்டர், செம்மண். எழுதும்!"

"எழுதிட்டேன் சாமி!"

"ஆறு டு எட்டு. வெள்ளைக் களிமண். ஏ ஒன் சரக்கு ஓய்!"

"எழுதிட்டேன்!"

அதற்கப்புறம் குரல் வரவில்லை. கயிறு பிடித்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் இரண்டு தடவை கூப்பிட்டேன்.

"எட்டு டு பன்னெண்டு," என்று கடைசியில் கேட்டது, "மணல்." குரல் ரொம்பச் சின்னதாகியிருந்தது.

மேலே வந்ததும் உடம்பைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. பிஸ்கட் டின்னைக் கிணற்றுச் சுவர்மேல் வைத்துத் திறந்தார். ஒவ்வொரு துளைக்கும் களிமண்ணின் கனத்துக்கு மட்டும் தனி அட்டை உண்டு, லேப் ரிப்போர்ட் வந்தபிறகு போடுவது. நாற்பத்தேழை எடுத்து ஆகாயத்துக்கு நேராகப் பிடித்துப் பூதக்கண்ணாடியை வைத்தார். எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. முதல் கட்டத்தில் பொத்தல் இருந்தது.

"பிள்ளையார் இடத்துல உக்காந்துட்டேன் ஓய்."

"எப்படி சாமி?"

"அன்னிக்கு எனக்குத் தீட்டு. திருநெல்வேலியில ஒண்ணுவிட்ட சித்தப்பா போயிட்டார். லீவுதான் போட்டேன். ஒரே ஓர் அட்டை பாக்கி இருந்துது, அதை மட்டும் போட்டுட்டு வந்துடலாம்னு போனேன். தீட்டோட பிள்ளையார் சுழி போடப்படாது. சுழி இல்லேன்னா அவருக்கு இடம் எதுக்குன்னு முதல் கட்டத்துலேர்ந்தே ஆரம்பிச்சுட்டேன்."

எண்கள் எல்லாம் ஒரு கட்டம் இடது பக்கம் நகர்ந்துவிட்டன. கடைசியில் ஒரு கட்டம் காலி. காலிக் கட்டத்தைக் கம்ப்யூட்டர் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். இரண்டு மீட்டர் இருபது மீட்டராகிவிட்டது. அந்தத் துளை மொத்தமே பன்னிரண்டு மீட்டர்தான் போட்டோம் என்று அங்கே நின்ற டிரில்லர் இப்போது நிதானமாகச் சொன்னார். ஏனய்யா முன்னாலேயே சொல்லவில்லை என்றால், யாரும் கேட்கவில்லையே என்றார்.

எனக்குக் கண் முன்னால் டில்லி போய்க்கொண்டிருந்தது. ஸ்வெட்டரில் ஒரு கை முடிந்திருந்தது. அவரைத் தனியாக அழைத்துக்கொண்டு போனேன்.

"சாமி, மெஷின் கோளாறுன்னு சொல்லிருவோம். வீடும் தப்பும், டில்லியும் தப்பும். யாரு கேக்கப் போறா?"

"வாயில்லா ஜீவன் மேலயா ஓய் பழியைப் போடச் சொல்றீர்?" என்றார் சாமி. நிஜமாகவே கோபம் வந்துவிட்டது அவருக்கு. "மெஷின் தப்புன்னா இந்த நூத்துச் சில்லறை துளையையும் நாளைக்கு எவனும் நம்பமாட்டான். தப்பு என்னோடது. ஒரே ஓர் அட்டை. அதைச் சொல்லிட்டா மத்ததெல்லாம் நிக்கும்."

திங்கட்கிழமை காலையில் டைரக்டர் மேஜையில் சாமி எழுதிய காகிதம் இருந்தது. அலுவலகமே கதவருகில் நின்றது. டைரக்டர் படித்தார், மறுபடியும் படித்தார்.

"பிழைக்குக் காரணம், ஆசௌசம், அதாவது தீட்டு. எந்தா சாமி இது? கவர்மென்ட் பைலில் கணபதி எங்ஙனே வந்து?"

"உள்ளதை எழுதியிருக்கேன் சார்."

"சாமிக்கு டில்லி வேண்டே?"

"வேணும் சார்," என்றார் சாமி. "ரொம்ப ஆசையா இருக்கு. ராத்திரி தூக்கம் வரல்லே. ஆனா அந்தம்மா வீடு நிக்கணுமே."

டைரக்டர் காகிதத்தை மடித்து வைத்தார். எழுந்து ஹாலுக்கு வந்து, நாற்பத்தேழாம் தாளைக் கயிற்றிலிருந்து தாமே கழற்றி, பைல் அடுக்குவரை போய்க் கையால் சுருட்டி எடுத்துக்கொண்டார். மறுநாள் பைல் போகவில்லை. தங்கம்மை முற்றத்துக் கல்லைப் பிடுங்க ஆள் போயிற்று. சாமிக்கு மெமோ வந்தது. டில்லிக்கு வேறு இரண்டு பேர் போனார்கள். அவர்களில் ஒருவருக்கு மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாது.

நான் ஒரு வாரம் சாமியோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை புதிதாக அச்சடித்த படத்தை என் மேஜையில் விரித்தார். நாற்பத்தேழில் 2 இருந்தது. பக்கத்திலேயே புதிதாக ஒரு துளை சேர்ந்திருந்தது. என்ன துளை என்று பட்டியலைப் பார்த்தேன். தங்கம்மை கிணறு என்று போட்டிருந்தது. அரசாங்கப் பட்டியலில் அப்படி ஒரு பெயர் வரலாமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. மஞ்சள் பென்சிலை எடுத்தேன்.

வண்ணம் காய்வதற்கு ஒன்றும் இல்லை, ஆனாலும் சாமி கொஞ்ச நேரம் ஊதினார். உடனே அதைச் சுருட்டிக்கொண்டு கழக்கூட்டத்துக்குக் கிளம்பினோம். தங்கம்மை கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தைப் பார்த்தாள்.

"இதுல எனக்க வீடு எது?"

சாமி அந்த 2-ஐத் தொட்டுக் காட்டினார்.

"இத்துனூண்டா? இதுக்காக்கும் இவ்வளவு பாடு?"

எனக்குப் பொறுக்கவில்லை. டில்லி, வண்ணத் திரை, மெமோ என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சாமி, "சும்மா இரும் ஓய்" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். தங்கம்மை கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே போய், வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

"இரியும் சாமி. ஒரு டீ குடிச்சிட்டுத்தான் போவணும்."

நான் பதறிப்போனேன். ஸ்ரீவராகத்தைத் தாண்டினால் சாமி ஆசாரம் பார்த்துப் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். ஆபீஸில் இத்தனை வருஷத்தில் குட்டன் நாயரின் தட்டிலிருந்து ஒரு டம்ளர்கூட எடுத்ததில்லை. சாமி நாற்காலியில் உட்கார்ந்தார். தங்கம்மை கொடுத்த கண்ணாடி டம்ளரை வாங்கி, சூடாக இருந்ததால் அங்கவஸ்திர நுனியால் பிடித்துக்கொண்டு, கடைசிச் சொட்டுவரை குடித்தார். தங்கம்மைக்கு அது ஒரு டீ. எனக்குத்தான் தெரியும், சாமிக்கு அது எவ்வளவு தூரம் என்று. ஒரு வாரமாக இருந்த கோபம் எனக்கு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

டில்லிக்கு அதற்கப்புறம் நான் மூன்று தடவை போய்வந்துவிட்டேன். துளைச்சாமியைப் போல ஒருவரை அங்கேயும் பார்க்கவில்லை, வேறெங்கேயும் பார்க்கவில்லை.